முத்திரை போலி என்று தெரிந்தால் என்ன செய்வது?

கேள்வி (நூல் வியாபாரி, ஈரோடு):
வணக்கம். நான்கு ஆண்டுகளாக என் கடைக் கணக்கைப் பார்ப்பவரை ஊரே ஆடிட்டர் என்று அழைப்பதால் நானும் அப்படியே நம்பினேன். சென்ற மாதம் வங்கிக் கடனுக்காக அவர் கொடுத்த சான்றிதழில் முத்திரை, கையொப்பம், ஆவணத்தைச் சரிபார்க்க உதவும் 18 இலக்க யூடின் எண் எல்லாம் இருந்தன. வங்கி மேலாளர் அந்த எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, பதிவில் அப்படி ஒரு சான்றிதழே இல்லை என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இதற்குச் சட்டத்தில் என்ன தண்டனை? நானே வழக்குப் போடலாமா?

பதில் (பட்டயக் கணக்கர்):
'ஆடிட்டர்' என்பது பேச்சு வழக்கு. சட்டம் காப்பது 'சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்', அதாவது பட்டயக் கணக்கர், என்ற பெயரை. பட்டயக் கணக்கர் நிறுவனத்தின் உறுப்பினர் அல்லாதவர் அப்பெயரைப் போட்டுக்கொள்வதையும், உறுப்பினராக இருந்தும் தொழில் சான்றிதழ் பெறாதவர் தொழில் நடத்துவதையும் 1949-ஆம் ஆண்டுப் பட்டயக் கணக்கர் சட்டத்தின் 24-ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. பட்டயக் கணக்கர் சார்பில் உறுப்பினர் அல்லாதவர் கையொப்பமிடுவது 26-ஆம் பிரிவில் வரும். இதற்கு முதல் முறை 5,000 ரூபாய் முதல் 1 லட்சம் வரை அபராதம் என்றும், மறுமுறை ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் என்றும் 2006-ஆம் ஆண்டுத் திருத்தம் வகுத்தது.

ஆனால், 28-ஆம் பிரிவின்படி பட்டயக் கணக்கர் நிறுவனத்தின் மன்றமோ மத்திய அரசோ புகார் கொடுத்தால்தான் இச்சட்டத்தின்கீழ் வழக்கு நிற்கும். எனவே நிறுவனத்துக்கு எழுதுங்கள். முத்திரையில் உள்ள உறுப்பினர் எண் யாருடையது என்றும் பாருங்கள். உண்மையான பட்டயக் கணக்கர் ஒருவர் தம் பெயரை இரவல் கொடுத்திருந்தால், அது தொழில் ஒழுங்கீனம். அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை தனியாக வரும். எங்கள் தொழிலுக்குள் இருந்தே இது நடப்பதுதான் எனக்கு அதிக வேதனை.

பதில் (வழக்கறிஞர்):
காவல் நிலையக் கதவு மூடப்படவில்லை. மத்தியப் பிரதேசத்தில் உறுப்பினர் அல்லாத ஒருவர் போலி முத்திரைகளுடன் வரித்துறையிடம் தணிக்கை அறிக்கைகள் தாக்கல் செய்ததாக எழுந்த வழக்கில், அதே செயல் இந்திய தண்டனைச் சட்டப்படியும் குற்றமானால் 28-ஆம் பிரிவு அதற்குத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. இன்று அச்சட்டத்துக்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் ஆள்மாறாட்ட மோசடிக்கு ஐந்தாண்டு வரையும், ஏமாற்றும் நோக்கிலான போலி ஆவணத்துக்கு ஏழாண்டு வரையும் சிறை உண்டு. அசல் தாளை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். கட்டணம் செலுத்திய வங்கி விவரத்தையும் எடுத்து வையுங்கள்.

பதில் (ஜிஎஸ்டி பிராக்டிஷனர்):
ஒரு வார்த்தை. கணக்கு எழுதுவதும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்வதும் குற்றமல்ல. என்னைப் போன்றவர்கள் முறையாகப் பதிவு செய்துதான் பிழைக்கிறோம். இல்லாத தகுதியின் பெயரில் சான்றளித்ததுதான் குற்றம். புகாரில் இதைப் பிரித்து எழுதுங்கள் ஐயா.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. உறுப்பினர் எண் வேறொரு ஊரில் தொழில் செய்யும் ஒருவருடையது. அவரிடம் பேசினேன், முத்திரையின் படத்தை அனுப்பச் சொல்லியிருக்கிறார், தாமும் புகார் கொடுப்பதாகச் சொல்கிறார்.