புதுப்பிப்பு: ஊஞ்சலுக்குப் பர்மா தேக்கு கிடைத்ததா?

தாத்தா காலத்து ஊஞ்சல் பலகை பிளந்துவிட்டது, சிங்கப்பூரில் பர்மா தேக்கு எங்கே கிடைக்கும் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

சனிக்கிழமை சுங்கை காடுட் பக்கம் போனேன். முதல் மரக்கடையில் ‘அசல் பர்மா’ என்று காட்டிய பலகையில் பாதி வெளிறு (மரத்தின் மென்மையான வெளிப்பகுதி), வைரம் பாயவே இல்லை. எந்த நாட்டு மரம், அதற்கு ஆவணம் இருக்கிறதா என்று கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார்கள்.

இரண்டாவது கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். மியன்மார் (பழைய பர்மா) 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டுக் கட்டைகளை வெளியே விடுவதில்லை. அங்கேயே அறுத்த பலகைதான் வரலாம். 2021இல் மியன்மாரின் அரசு மர நிறுவனத்தின்மேல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை போட்டன. ஐரோப்பாவுக்கு மரச்சாமான் அனுப்புகிறவர்கள் மியன்மார் தேக்குப் பக்கமே போவதில்லையாம்.

தேக்குக்குச் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) அனுமதி வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். இல்லை, தேக்கு அந்த ஒப்பந்தத்தின் பட்டியலில் இல்லை. ராமின் மரம்தான் 2005 முதல் அதன் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது. அதை இங்கே கொண்டுவரவோ வெளியே அனுப்பவோ தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி தேவை.

சரி, கடைசியில் வாங்கியது பழைய வீட்டில் பிரித்தெடுத்த தேக்கு உத்திரம். நான்கு ஆணி ஓட்டைகள் இருக்கின்றன. அம்மா இன்னும் பார்க்கவில்லை. தச்சர் இரண்டு வாரம் கேட்டிருக்கிறார்.