புதுப்பிப்பு: மெடிக்கா, ஹெலிகாப்டர் மெக்கானிக்கா?

அமெரிக்க ராணுவத்தில் சேரவிருக்கும் என் மகன் போர்க்கள மெடிக் (காயமடைந்த வீரர்களுக்கு அவசரச் சிகிச்சை தருபவர்) பணியை எடுப்பதா, பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் மெக்கானிக் பணியை எடுப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். மெக்கானிக் என்று முடிவாகிவிட்டது.

மெடிக் பயிற்சியிலேயே தேசிய அவசர மருத்துவச் சான்றிதழ் கிடைத்துவிடும். ஆனால் வெளியே வந்தால் அது நேராகக் கொண்டுவிடுவது ஆம்புலன்ஸ் வேலையில்தான். செவிலியராக வேண்டுமானால் மறுபடியும் கல்லூரி. அதற்குத் தயாரானவர்களுக்கு மெடிக் பணியே நல்லது.

மெக்கானிக்குக்கு, ராணுவத்துக்கு வெளியே செல்லும் விமான மெக்கானிக் உரிமம் தானாக வராது. விமான உடற்பகுதி, எஞ்சின் இரண்டுக்கும் சேர்த்து 30 மாத அனுபவம் காட்டி, எழுத்து, வாய்மொழி, செய்முறைத் தேர்வுகளில் தேற வேண்டும். அதனால் எந்தப் பாகத்தில் என்ன வேலை செய்தான் என்பதை முதல் நாளிலிருந்தே தேதியிட்டு எழுதி, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கச் சொல்லியிருக்கிறேன். அந்த உரிமம் இருந்தால் பயணிகள் விமானப் பராமரிப்புக்கும் போகலாம்.