பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர், பில்லில் "ஒரிஜினல் விண்டோஸ்" என்று எழுதலாமா?

தக்கலை சர்வீஸ்:
லீஸ் முடிந்த டெல் ஆப்டிபிளெக்ஸ் பெட்டிகள் பெங்களூரில் இருந்து வந்திருக்கின்றன, எல்லாம் மூன்றாம் தலைமுறை ஐ5. தூசி தட்டி, எஸ்எஸ்டி போட்டு, ரேமை எட்டு ஜிபி ஆக்கிவிட்டேன். திங்கள்சந்தையில் ஒரு டியூஷன் சென்டர்காரர் மொத்தமாகக் கேட்கிறார். பில்லில் "ஒரிஜினல் விண்டோஸ்" என்று இருக்கணுமாம். சில பெட்டிகளில் விண்டோஸ் 7 ஸ்டிக்கர் உண்டு, எண் பாதி தேய்ந்துபோச்சு. சிலவற்றில் விண்டோஸ் 8 ஸ்டிக்கர், அதில் எண்ணே கிடையாது. ஆன்லைனில் ஐந்நூறு ரூபாய்க்கு அந்த எண், அதாவது கீ, கிடைக்கிறது. வாங்கிப் போட்டால் போதுமா?

வடசேரி அண்ணன்:
வேண்டாம் தம்பி. அந்த விலைக்கு வரும் கீ பெரும்பாலும் எவனோ ஒரு கம்பெனி தன் பல கம்ப்யூட்டர்களுக்கும் சேர்த்து வாங்கிய வால்யூம் கீயாக இருக்கும். ஆக்டிவேட் ஆகும், ஆனால் லைசென்ஸ் உங்களுக்கு வந்ததாக அர்த்தமில்லை. நாளைக்கு அது பிளாக் ஆனால் டியூஷன் சார் உங்கள் கடை வாசலில்தான் வந்து நிற்பார்.

தயாரித்த கம்பெனியே பெட்டியோடு போட்டுத் தந்த ஓஇஎம் லைசென்ஸ் மதர்போர்டோடு போகும். டிஸ்க், ரேம் மாற்றினால் பாதகமில்லை. விண்டோஸ் 8 வந்த 2012 முதல் கீயை மதர்போர்டிலுள்ள பயாஸ் சிப்புக்குள்ளேயே எழுதிவிட்டார்கள், அதனால்தான் ஸ்டிக்கரில் எண் இல்லை. ஒரு பெட்டியில் விண்டோஸ் 10 ப்ரோ போட்டு, கீ கேட்கும் இடத்தைத் தாண்டிப்போய், நெட் கொடுத்துப் பாருங்க. அதே போர்டில் முன்பு 10 முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்தால் தானாகவே ஆகிவிடும். இல்லையென்றால் பழைய 7, 8 கீயை நம்பாதீங்க. அந்த வழியை 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அடைத்துவிட்டது.

கருங்கல் பையன்:
அண்ணன் சொன்னது சரி. ஆனால் 10 ஆக்டிவேட் ஆனாலும் என்ன பயன்? 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கு சப்போர்ட் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேணும். விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் மின்ட் போடுங்க, பழைய பெட்டிக்கு ஏற்ற எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, லைசென்ஸ் தலைவலியே இல்லை. தமிழ்99 விசைப்பலகைத் தட்டச்சும் வரும்.

வடசேரி அண்ணன்:
விண்டோஸில் ஓடும் கணக்கு மென்பொருள் டேலியைக் கேட்டால் என்ன செய்வாய் மக்கா?

தக்கலை சர்வீஸ்:
டேலி வேண்டாமாம், டைப்பிங்கும் பிரவுசரும் போதுமாம். சாரிடம் விஷயத்தைச் சொன்னேன், விலையைக் குறைத்தால் மின்ட் சம்மதம் என்கிறார். கீக்கு ஆகும் காசைக் குறைக்கிறேன் என்றேன். அப்புறம், அங்கே ஒரு பழைய லேசர் பிரிண்டர் இருக்கிறது. பெட்டியைக் கொடுப்பதற்கு முன் மின்ட் ஏற்றிய பென்டிரைவைப் போட்டு, அந்தப் பிரிண்டர் மின்ட்டில் வேலை செய்கிறதா என்று ஒரு பக்கம் அடித்துப் பார்த்துவிடுகிறேன்.