பிள்ளை அங்கே, நாம் இங்கே: போனில் என்ன பேசுவது?

குழந்தையை ஊரில் விட்டுவிட்டு வெளிநாட்டுக்கு வந்தவர்கள் சிலர், பிள்ளையிடம் போனில் என்ன பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். நாங்கள் மகனைப் பிரிந்திருந்தது இரண்டு வருஷம் நாலு மாதம். கிளம்பும்போது அவனுக்கு மூன்று வயது.

முதல் ஆறு மாதம் தப்பாகத்தான் செய்தோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வீடியோ கால். "சாப்பிட்டியா? ஸ்கூல் போனியா? அம்மாவுக்கு முத்தம் குடு." மூன்றாவது நிமிஷம் நழுவிவிடுவான், என் மாமியார் பிடித்து வந்து உட்காரவைப்பார். போன் அடித்தாலே கட்டிலுக்கு அடியில் ஒளிய ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

அப்புறம் தினமும் பத்தே நிமிஷம், அவன் தூங்கப்போகும் நேரம். எனக்கு அது டீ பிரேக். கேள்வியே கிடையாது. ஒரே படப் புத்தகம், அங்கே ஒன்று, இங்கே ஒன்று. வேண்டுமென்றே ஒரு பக்கம் தாண்டுவேன். "அம்மா, யானையை விட்டுட்டே!" என்று கத்துவான். லீவு நாளில் போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அவன் பாட்டுக்குக் கலர் அடிப்பான், நான் துணி மடிப்பேன். சும்மா இருக்கிறோமே என்று பதறாதீர்கள், வீட்டில் இருந்தாலும் அப்படித்தானே இருப்போம். (கைக்குழந்தைக்குத் திரை காட்டலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒன்றரை வயதுக்கு முன் திரை வேண்டாம் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியே 2016இல் வீடியோ காலுக்கு மட்டும் விலக்கு கொடுத்தது.)

"சீக்கிரம் வந்துடுவேன்" என்று சொல்லாதீர்கள். குழந்தைக்குச் சீக்கிரம் என்றால் நாளைக்கு. பார்த்துக்கொள்பவரிடம் தனியாக, பிள்ளை இல்லாத நேரத்தில், வாரம் ஒருமுறையாவது பேசுங்கள். "அம்மா வரட்டும், சொல்றேன்" என்று மிரட்ட வேண்டாம் என்று மாமியாரிடம் கேட்டுக்கொண்டேன். கொஞ்சம் மனத்தாங்கல்தான், ஆனால் நிறுத்திவிட்டார்.

பெரிய பிள்ளை இருந்தால், இங்கே அழைத்துக்கொள்வதற்கான விசா பேப்பர் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். சார்ந்திருக்கும் பிள்ளை (பெற்றோரின் பேரில் அழைத்துக்கொள்ளக்கூடிய பிள்ளை) என்பதற்கு வயது வரம்பு நாட்டுக்கு நாடு மாறும்: கனடாவில் 22க்குக் கீழ், அமெரிக்காவில் 21க்குக் கீழ். கணவன், மனைவி பிரிந்திருந்தால் மற்றவரின் சம்மதக் கடிதமும் பெரும்பாலும் கேட்பார்கள்.

மகன் இங்கே வந்து சேர்ந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஏர்போர்ட்டில் அவன் என்னிடம் வரவில்லை. மூன்று வாரம் ராத்திரி பாட்டியைக் கேட்டு அழுதான். வலித்தது, ஆனாலும் பாட்டியோடு அவன் வீடியோ காலில் பேசுவதை நிறுத்தவில்லை. அதே தூங்கும் நேரம், அதே யானைப் புத்தகம். போனைப் பிடித்துக்கொண்டு உட்காருவது இப்போது நான்.