வட்டமல்லாத, வழக்கமல்லாத கைக்கடிகாரங்கள்

கேள்வி: வடிவத்திலோ இயக்கத்திலோ தனித்தன்மையுடைய கைக்கடிகாரம் ஒன்றைத் தேடுகிறேன், பழையதாயினும் சரி. எதைப் பார்க்கலாம்?

பதில் 1: 1960-இல் வெளிவந்த புலோவா அக்குட்ரானைப் பாருங்கள். நொடிக்கு 360 முறை அதிரும் இசைக்கவை பற்சக்கரத்தை நகர்த்துவதால், நொடிமுள் துள்ளாமல் வழுக்கிச் செல்லும். காதருகே வைத்தால் டிக் டிக் ஒலிக்குப் பதிலாக மெல்லிய ரீங்காரம் கேட்கும். ஸ்பேஸ்வியூ வகையில் முகப்புத் தகடே இல்லாததால் உள்ளிருக்கும் கம்பிச்சுருள்களையும் காணலாம். ஆனால், வாங்குமுன் பழுதுபார்க்கத் தெரிந்தவரைத் தேடிக்கொள்ளுங்கள்.

பதில் 2: வடிவமே முக்கியமென்றால், 1957-இல் வந்த ஹாமில்டன் வென்ச்சுராதான். ஒருபுறம் கூராக நீளும் அதன் முக்கோண உருவம் இன்றைய கடிகாரங்கள் பலவற்றைவிடத் துணிச்சலானது (சட்டைக் கையில் சிக்கும் என்பது வேறு விஷயம்).

பதில் 3: அந்த வழுக்கும் முள்தான் கவர்கிறதென்றால், பழையதைத் தேடி அலைய வேண்டாம், சுருள்வில்லின் ஆற்றலில் ஓடி, குவார்ட்ஸ் படிகத்தால் வேகம் சீராக்கப்படும் சீக்கோவின் ஸ்பிரிங் டிரைவ் போதும்.