மறு: குதிரைக்கு "பாடி கண்டிஷன் ஸ்கோர்", தமிழ்ல என்ன போடலாம்?

வணக்கம்,

இந்தக் குழுவுல ரெண்டு வருஷமா சத்தம் காட்டாம படிச்சுட்டு இருக்கேன், இன்னைக்கு ஒரு சொல் கேட்டு வந்திருக்கேன். எனக்கு ஒரு ரைடிங் ஸ்கூல் லாயத்துல மேற்பார்வை வேலை. 14 குதிரை, பாதிக்கு மேல ரேஸ் ஓடி முடிச்சுட்டு வந்த தரோபிரெட் இனம். சைஸ், அதாவது குதிரையைப் பார்த்துக்குற ஆளுங்க, ஆறு பேர், எல்லாருக்கும் தமிழ் படிக்க வரும். ஆனா ஒவ்வொரு கொட்டடி வாசல்லயும் தொங்குற தீனி அட்டை மட்டும் இங்கிலீஷ், அதை ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்க்குறதில்ல. சரி தமிழ்ல மாத்துவோம்னு உட்கார்ந்தேன். ஓட்ஸ், பார்லி, தவிடு, கொள்ளு, புல்லு வரைக்கும் கடகடன்னு போச்சு, கடைசி வரியில "பாடி கண்டிஷன் ஸ்கோர்"னு இருந்துச்சு, அங்க மாட்டிக்கிட்டேன்.

தெரியாதவங்களுக்காக சொல்றேன். 1983ல அமெரிக்காவுல டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துல டான் ஹென்னெகேன்னு ஒருத்தர் குவார்ட்டர் ஹார்ஸ்ங்கிற இனத்துப் பெட்டைக் குதிரைங்களை வச்சு உருவாக்குனது இது. குதிரையை எடை மெஷின்ல ஏத்தாம, கண்ணால பார்த்து, கையால தடவி, எவ்வளவு கொழுப்பு படிஞ்சிருக்குன்னு 1ல இருந்து 9க்குள்ள ஒரு எண் குடுக்கணும். கழுத்து, கழுத்து முடிஞ்சு முதுகு தொடங்குற மேடு, தோளுக்குப் பின்னாடி, விலா, இடுப்பு முதுகு, வால் அடி, மொத்தம் ஆறு இடம். 1ன்னா எலும்பும் தோலும். 9ன்னா முதுகு நடுவுல தண்ணி ஊத்துனா ஓடையா நிக்கும். 5ன்னா விலா கண்ணுக்குத் தெரியாது, தடவுனா சுலபமா கைக்குத் தட்டுப்படும், பெரும்பாலான குதிரைக்கு அதுதான் சரியான இடம்.

நான் "உடல்நிலை மதிப்பெண்"னு போட்டு அட்டையைத் தொங்க விட்டேன். எங்க செவலை ஒருத்தன் இருக்கான், காயடிச்ச ஆண் குதிரை, ரேஸ் விட்டு மூணு வருஷம் ஆச்சு, நல்ல குணம், நல்லா உருண்டு திரண்டு இருப்பான். அவன் அட்டையில 7. இதைப் பார்த்து சைஸ் தானியத்தைக் குறைப்பார்னு நான் நினைச்சேன். பத்து நாள் கழிச்சு காலையில போய்ப் பார்த்தா தானியம் அளக்குற டப்பா தலை தட்டாம கோபுரமா போயிட்டு இருக்கு. ஏண்ணே கூட்டிட்டீங்கன்னு கேட்டேன். "ஒம்போதுக்கு ஏழு வாங்கியிருக்கான்ல சார், இன்னும் ரெண்டு மார்க்குதானே, ஏத்திடலாம்"னு சொல்றார். அவர் பையன் இந்த வருஷம் பத்தாவது.

அவரைத் திட்டவே முடியல. மதிப்பெண்ணுன்னு எழுதுனது நான். தமிழ்நாட்டுல மதிப்பெண்ணைக் குறைக்கணும்னு எவன் நினைப்பான்?

சொல் குடுங்க. சைஸ் படிச்ச உடனே கை தானா டப்பாவுக்குப் போற மாதிரி இல்லாம, முதல்ல குதிரை விலாவுக்குப் போற மாதிரி இருக்கணும்.

* * *

தம்பி, நான் கால்நடை மருத்துவர், மாடு அதிகம் பார்ப்பேன், குதிரை எப்பவாவது. மாட்டுக்கு நாங்க பேச்சுல "உடல்நிலை மதிப்பீடு"ன்னுதான் சொல்றோம், இத்தனை நாள் அதுல ஒரு சிக்கலும் தெரியல, உங்க கதையைப் படிச்சப்புறம்தான் உறைக்குது. உடல்நிலைன்னா நம்ம ஊர்ல ஆரோக்கியம், "உடல்நிலை சரியில்லை, லீவு வேணும்"னு எழுதுறோமே அது. கொழுத்த குதிரைக்கு உடல்நிலை 7ன்னா தேறிட்டு வருதுன்னுதான் யாரும் படிப்பாங்க. இன்னொரு ஆபத்தும் இருக்கு, நாங்க மாட்டுக்கு வைக்கிற அளவு 1ல இருந்து 5 வரைக்கும்தான். மாட்டுல 5 பீப்பாய், குதிரையில 5 கச்சிதம். ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சா மாட்டுப் பண்ணையில இருந்து வர்ற ஆள் கண்டிப்பா குழம்புவான். அதனால என்ன பேர் வச்சாலும் "9க்கு"ன்னு பக்கத்துல போடுங்க, இல்ல 1, 5, 9 மூணுக்கும் படம் வரைஞ்சுடுங்க.

"உடற்கட்டு"ன்னு யாராவது சொல்லுவாங்க, முன்கூட்டியே மறுத்துடுறேன். அது தசை. ஒரு குதிரைக்கு விலா மேல கொழுப்பு அப்பி இருக்கும், அதே குதிரைக்கு முதுகுத் தசை வத்தி இருக்கும், வேலை குடுக்காம தீனி மட்டும் போட்டா அப்படித்தான் ஆகும். இந்த எண் பார்க்குறது கொழுப்பை மட்டும்.

ஏன் இவ்வளவு அடிச்சுக்கிறோம்னு குழுவுல மத்தவங்க நினைக்கலாம், ஒரு டப்பா கூடுனா என்னன்னு. குதிரைக்கு இரைப்பை உடம்பை ஒப்பிட்டா ரொம்பச் சின்னது, 8ல இருந்து 15 லிட்டர்தான், வாந்தியும் எடுக்க முடியாது. தானியத்து மாவுச்சத்து சிறுகுடல்ல செரிச்சு முடியணும். ஒரே வேளையில கொட்டுனா மிச்சம் பெருங்குடலுக்கு வழிஞ்சுடும், அங்க குடியிருக்கிறது புல்லு நாரை நொதிக்க வைக்கிற நுண்ணுயிர், மாவு வந்து விழுந்ததும் வேற கூட்டம் பெருகி லாக்டிக் அமிலம் ஊறும், பழைய கூட்டம் சாகும், செத்ததோட நஞ்சு ரத்தத்துல கலக்கும். அப்புறம் சூலை, அதாவது கடுமையான வயித்து வலி, இல்லன்னா லேமினைட்டிஸ்ங்கிற குளம்பு நோய். குளம்புச் சுவரும் உள்ள இருக்குற எலும்பும் ஒண்ணோட ஒண்ணு பிடிச்சிருக்கிற இடம் காளானைக் கவுத்துப் பார்த்தா மடிப்பு மடிப்பா இருக்குமே அது மாதிரி. அந்தப் பிடி விட்டுப்போனா குதிரையோட முழு பாரமும் எலும்பைக் கீழ அழுத்தும். முன்னங்காலை ரெண்டையும் முன்னாடி நீட்டிக்கிட்டு, பாரத்தை எல்லாம் குதிங்கால்ல வச்சுக்கிட்டு, நகர மாட்டேன்னு நிக்கும், பார்க்கவே முடியாது. இதுக்கு ஒரே நாள் தானிய மூட்டை அவிழ்ந்து கிடந்தா போதும். அதுவும் இல்லாம, மெல்ல மெல்லக் கொழுத்து இன்சுலின் ஏறி நின்னாலும் வரும், 2007ல ஆஸ்திரேலியாவுல நல்லா இருந்த போனிகளுக்கு (குட்டை இனக் குதிரை) இன்சுலினை மட்டும் தொடர்ந்து ஏத்தியே இதை வரவச்சுக் காட்டியிருக்காங்க. அந்த நோய்க்குத் தமிழ்ப் பேர் தனிச் சண்டை, "அழற்சி"ன்னு முடிக்கலாமான்னே எனக்கு சந்தேகம், இன்னொரு இழையில வச்சுக்கலாம்.

செவலைக்கு டப்பாவை நிறுத்துங்க, ஆனா புல்லை நிறுத்தாதீங்க. பட்டினி போட்டு இளைக்க வைக்கிற வேலையே வேண்டாம், குறிப்பா போனி, கழுதைக்கு அது ரத்தத்துல கொழுப்பு ஏறி உயிருக்கே வரும். நீர் நீக்கிப் பார்த்தா ஒரு நாளைக்கு உடல் எடையில நூத்துக்கு ஒன்றரையாவது புல்லு, வைக்கோல்னு உள்ள போகணும்.

* * *

அன்புள்ள நண்பர்களுக்கு,

மருத்துவர் ஐயா சூலைன்னு எழுதுனதைப் பார்த்து மகிழ்ச்சி, அப்பருக்கு வந்ததும் அதுதான், அந்தச் சொல் இன்னும் லாயத்துல பிழைக்குதுன்னா நல்லதுதான்.

சொல்லுக்கு வர்றேன். நம்ம பழமொழியிலேயே விடை இருக்கு. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு." இளைப்பு ஒரு முனை, கொழுப்பு மறுமுனை. நீங்க கேக்குற அளவுகோல் இந்த ரெண்டுக்கும் நடுவுல ஓடுறதுதானே? "இளைகொழு எண்" என்பது என் பரிந்துரை. ரெண்டு முனையும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறதால கூடினா நல்லதுன்னு யாரும் நினைக்க வழியில்ல. நீளம்னு பட்டா "கொழுநிலை". கொழு என்பது வெறும் வினையடி இல்ல, கொழுமீன்னு சங்கப் பாட்டுலயே அடையா வருது. கலப்பையோட கொழுவும் இருக்குன்னு சிலர் கிளம்புவாங்க, லாயத்துல ஏர் ஓட்டப் போறதில்ல, விடுங்க.

"மதிப்பெண்" வேண்டவே வேண்டாம். "தரம்" அதை விட மோசம். "படி" பொருந்தும்னு நினைக்கிறேன், ஏணிப்படி மாதிரி, "கொழுப்படி 7".

* * *

ஐயா, டாக்டர், ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. வார்த்தையை எல்லாம் தனித்தனி அட்டையில பெருசா எழுதி, ஒண்ணும் விளக்காம, ஆறு பேர்கிட்டயும் காட்டுனேன். இதைப் பார்த்தா என்ன செய்வீங்கன்னு மட்டும் கேட்டேன்.

"கொழுப்படி 7"னு பார்த்ததும் வயசுல மூத்தவர் "ஏழு படியா? ஒரு நாளைக்கா ஒரு வேளைக்கா?"ன்னு கேட்டார். ஐயா மன்னிக்கணும், படியை அங்கேயே கிழிச்சுட்டேன். லாயத்துல படின்னா தானியம் அளக்குறதுதான், வேற எந்தப் படியும் அவங்களுக்குத் தோணல.

"இளைகொழு" ரெண்டு பேருக்குப் புரிஞ்சுது, மத்தவங்க இலை, கொழுக்கட்டைன்னு சிரிச்சாங்க. "ஊட்டநிலை"ன்னு நானா ஒண்ணு சேர்த்திருந்தேன், அதுக்கு எல்லாரும் சத்து டானிக் குடுக்கணும்னு சொன்னாங்க. "சதைப்பிடிப்பு" நல்லாத்தான் இருந்துச்சு, ஒருத்தர் மட்டும் கால் நரம்பு சுண்டி இழுக்குதான்னு கேட்டார்.

"கொழுநிலை 7 / 9". இதுக்கு ஆறு பேர்ல அஞ்சு பேர் ஒரே வார்த்தைதான் சொன்னாங்க, "கொழுத்துப் போச்சுன்னு அர்த்தம்". செவலையோட ஆள் மட்டும் கொஞ்சம் கோவிச்சுக்கிட்டார், "அவனுக்குக் கொழுப்பெல்லாம் கிடையாது சார், யாரையும் உதைச்சதே இல்ல"ன்னு. கொழுப்புக்கு நம்ம ஊர்ல அந்த அர்த்தமும் இருக்கே. அவரையும் கூட்டிட்டுப் போய் செவலை விலாவுல கை வைக்கச் சொன்னேன். கையை விரிச்சு உள்ளங்கை கீழ எலும்பைத் தேடிப் பாருங்க. இப்ப உங்க இடது கையை முஷ்டி பிடிச்சு முட்டிகளைத் தடவுங்க, விலா அப்படி இருந்தா இளைச்சது. விரலை நீட்டிப் புறங்கையைத் தடவுங்க, அப்படி இருந்தா சரி. திருப்பி உள்ளங்கையில விரல் அடி மேட்டைத் தடவுங்க, அப்படி இருந்தா கொழுத்தது. அவர் தன் உள்ளங்கையைத் தடவிட்டு குதிரையைத் தடவிட்டு மறுபடி உள்ளங்கையைத் தடவிட்டு ஒண்ணும் பேசாம டப்பாவைத் தூக்கி மேல வச்சுட்டார். அந்த மூணு கை படத்தையும் அட்டையில வரைஞ்சாச்சு.

அப்புறம் அவரே கேட்டது, ஐயா சொன்ன பழமொழியாலதான் வந்தது: "கொழுத்தவனுக்குக் கொள்ளுதானே, அப்ப இவனுக்கு ஓட்ஸை நிறுத்திட்டு வெறும் கொள்ளு வேக வச்சுப் போடவா?" மனுஷன் இளைக்க ரசம் வைக்கிற கொள்ளு வேற, குதிரைக்கு வேளைக்கு ஒண்ணரை கிலோ போடுற கொள்ளு வேற. அதுல நூத்துக்கு 22 பங்கு புரதம், மாவுச்சத்தும் இருக்கு, அவிச்சுப் போட்டா பச்சையா இருந்ததை விட நல்லாவே செரிக்கும். கொழுத்த குதிரைக்கு அது இளைக்கிற மருந்து இல்ல. கொள்ளுன்னா வாயைத் திறக்கும் கடிவாளம்னா வாயை மூடும்னு வேற ஒரு பழமொழி இருக்கு, எங்க லாயத்துக்கு அதுதான் பொருத்தம்.

டப்பா விஷயத்துல இன்னொண்ணும் கண்டுபிடிச்சேன். இதே டப்பாவுலதான் ஓட்ஸும் அளக்குறாங்க, ஓட்ஸ் வரத்து இல்லாத வாரம் மக்காச்சோளமும் அளக்குறாங்க. மக்காச்சோளம் டப்பாவுக்கு ஒன்றரை மடங்கு எடை, சத்துக் கணக்குல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. "அதே ஒரு டப்பாதான் சார்"னு சத்தியம் பண்றாங்க, சத்தியம் உண்மைதான். தொங்கு தராசு வாங்கிட்டேன். அட்டையில இனிமே டப்பா இல்ல, கிலோ. செவலைக்கு டேப் வச்சு அளந்தோம், மார்புச் சுற்று 180 செ.மீ., தோள் முனையில இருந்து புட்ட முனை வரைக்கும் 160 செ.மீ., சுற்றை சுற்றால பெருக்கி நீளத்தால பெருக்கி 11880 ஆல வகுத்தா 436 கிலோ. ஒரு வேளைக்கு தானியம் உடல் எடையில நூத்துக்கு அரை பங்கு தாண்டக்கூடாதுன்னா, வேலை செய்ற குதிரைக்கே 2.2 கிலோதான் உச்சம், இவன் ஒரு நாளைக்கு அரை மணி நேரம் குழந்தைங்களைச் சுமக்குறவன், இவனுக்குத் தானியமே தேவையில்ல. டப்பாவை ஒரேயடியா நிறுத்தாம பத்து நாள்ல குறைச்சுட்டு வர்றோம், சாப்பாட்டு நேரத்துல மத்த குதிரையைப் பார்த்துக் கதவை உதைக்கிறான், அதனால இவனுக்கு மட்டும் அந்த நேரத்துல ஒரு கட்டு காஞ்ச புல்லு. யாரையும் உதைச்சதில்லன்னு சொன்னவர் இப்ப ஒண்ணும் சொல்றதில்ல.

ஆக "கொழுநிலை"ன்னு முடிவு பண்ணிட்டேன், ஆட்சேபணை இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க, சனிக்கிழமை லேமினேஷனுக்குக் குடுக்குறேன்.

அடுத்த சிக்கல் ஒண்ணு இருக்கு. கழுத்து மேல் விளிம்புல, பிடரி மயிர் முளைக்கிற வரியில, கொழுப்பு திரண்டு ரொட்டி மாதிரி கெட்டியா நிக்கும், முத்துனா ஒரு பக்கமா சாஞ்சுடும். அதுக்குத் தனியா 0ல இருந்து 5 வரைக்கும் ஒரு அளவு இருக்கு. திமில்னு போடலாம்னு பார்த்தா அது காளைக்கு அழகு, சைஸுங்க செவலைக்குத் திமில் வந்துடுச்சுன்னு மாலை போட்டுடுவாங்க. "பிடரிக்கொழு" சரியா வருமா ஐயா?