லோகோவில் டி.என்.ஏ. எந்தப் பக்கம் சுற்ற வேண்டும்?

புள்ளிக்கோடு (கேள்வி):
எங்கள் மரபியல் மாநாடு இது பத்தாவது தடவை. லோகோ வரையும் வேலை என் தலையில் விழுந்தது. சாய்வாக நிற்கும் டி.என்.ஏ. ஏணி, ஓர் இழை ஆய்வகம், இன்னோர் இழை கணினி. பத்தாவது மாநாடு என்பதால் ஒரு சுற்றுக்குப் பத்துப் படிகள். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அப்புறம் பெயர் வலப்பக்கம் வரட்டும் என்றார்கள். சாய்வு இடித்தது, படத்தை இடம்வலமாகப் புரட்டிவிட்டேன். இப்போது மூத்த பேராசிரியர் ஒருவர் "இது டி.என்.ஏ.வே இல்லை" என்று ஒரே வரியில் மின்னஞ்சல் போட்டிருக்கிறார். அப்படி என்ன தப்பு?

மரைதிருகி:
புரட்டியதுதான் தப்பு. உயிரணுக்களில் வழக்கமாக இருக்கும் டி.என்.ஏ. வலஞ்சுழி. ஏணியை நேராக நிறுத்தி, நம் பக்கம் தெரியும் இழைகளை மட்டும் பாருங்கள். இடது கீழிருந்து வலது மேலே ஏறினால் வலஞ்சுழி. சாதாரணத் திருகாணியின் மரையும் அப்படித்தான் ஓடும். தலைகீழாகத் திருப்பினாலும் சுழி மாறாது, கண்ணாடியில்தான் மாறும். நீங்கள் செய்தது கண்ணாடி வேலை.

பத்துப் படி நல்ல யோசனை. 1953-இல் வாட்சனும் கிரிக்கும் காட்டிய டி.என்.ஏ. மாதிரியில் சுற்றுக்குப் பத்து இணைகள்தான்; ஓர் இணை என்பது ஏணியில் ஒரு படி. கரைசலில் அது சுமார் 10.5, அரைப் படியை யார் வரைவது! ஆனால் இழைகளுக்கு நடுவே உள்ள இரண்டு பள்ளங்களையும் சம அகலத்தில் வரைந்திருந்தால் மாற்றுங்கள். ஒன்று அகலம், மற்றது குறுகல். மரபணுக்களை இயக்கும் புரதங்கள் பெரும்பாலும் அகலப் பள்ளத்தில் நுழைந்துதான் எழுத்துகளைப் படிக்கின்றன.

சும்மாவந்தவன்:
லோகோ என்ன பாடப்படமா? இடஞ்சுழி டி.என்.ஏ.வும் உண்டே, 1979-இல் படிகத்தில் பார்த்த இசட் வகை. அதுதான் இது என்று சமாளியுங்கள்.

மரைதிருகி:
அங்கேயும் மாட்டிக்கொள்வார். இசட் வகையில் சுற்றுக்குப் 12 இணைகள், இழையும் வழவழவென்று வளையாமல் கோணல்மாணலாகப் போகும். பத்துப் படியை எண்ணத் தெரிந்த கூட்டம் இதையும் எண்ணும்.

புள்ளிக்கோடு:
சரி, பழைய படத்தையே எடுத்து, புரட்டாமல் சாய்வை மட்டும் திருப்பினேன். பெயருக்கும் இடம் கிடைத்தது. ஒரு பள்ளத்தை அகட்டி மற்றதை ஒடுக்கியதும் படத்துக்கு ஓர் அசைவே வந்துவிட்டது. பேராசிரியரிடமிருந்து மறுபடியும் ஒரே வரி: "படிகளை எண்ணினேன்." கைப்பைகள் மட்டும் இடஞ்சுழியோடு அச்சுக்குப் போய்விட்டன.